காலை இராகமும் ஒன்றரை மடங்கும்

இசை பயிலும் சிறுவர் விடியற்காலையில் முதலில் பாடிப் பழகுவது சரளி வரிசை. அது மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. வடநாட்டில் வைகறையில் பாடும் பைரவ் இராகத்திற்கும் இதே ஏழு சுரங்கள்தாம். நம் கோயில்களில் காலை நாகசுரத்திற்கு உரிய பௌளியும் இம்மேளத்தில் பிறந்ததே. தொடக்கப் பாடத்திற்கு இதைத் தேர்ந்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. இதன் சிறப்பு என்ன? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆதார சட்ஜத்தின் அதிர்வெண் வினாடிக்கு 240 எனக் கொள்வோம். இயற்கை விகிதங்களின்படி ரி 256, க 300, ம 320 ஆகும். ச முதல் ம வரையுள்ள நான்கு எண்களையும் ஒன்றரையால் பெருக்குங்கள். 360, 384, 450, 480 என வரும். இவையே ப, த, நி, மேல் ச! கீழ்ப்பாதியைச் சரியாகப் பாடிய குழந்தைக்கு மேற்பாதி புதிதன்று. அத்துடன் ரி சட்ஜத்தையும், த பஞ்சமத்தையும் ஒட்டி நிற்பதால் பிடித்துக்கொள்ள எளிது.

இராகங்களை இவ்வாறு இரு பாதிகளாகப் பார்க்கும் முறை தஞ்சையில் முழுமை பெற்றது. 17-ஆம் நூற்றாண்டில், விஜயராகவ நாயக்கர் ஆட்சியில், கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’ என்னும் வடமொழி நூலை எழுதினார். ரி-க சேரும் வகைகள் 6, த-நி சேரும் வகைகள் 6, மத்திமம் 2. ஆகவே மேளங்கள் 6 × 6 × 2 = 72 என்று அவர் கணக்கிட்டார்.

நமது மேளத்தில் ரி-க மூன்றாம் வகை; த-நியும் மூன்றாம் வகையே. முதல் இரண்டு ரி-க வகைகளில் 12 மேளங்கள் கழிய, அடுத்த மூன்றாவது இது. எனவே எண் 15. பிற்காலத்தார் மாளவகௌளையின் முன் ‘மாயா’ சேர்த்ததும் இதற்காகவே. கடபயாதி முறையில் மா 5, யா 1. திருப்பிப் படித்தால் 15. இருபாதியும் ஒத்த மேளம் இது ஒன்றே அன்று. 29-ஆம் மேளமாகிய சங்கராபரணமும் அத்தகையதே.

வேங்கடமகி காலத்தில் வழக்கில் இருந்தவை 19 மேளங்களே. மற்றவை காலியிடங்கள். 1869-இல் மெண்டலீவ் தம் தனிம அட்டவணையில் விட்ட இடங்களை 1875-இல் காலியமும் 1886-இல் ஜெர்மானியமும் நிரப்பின அன்றோ? அதுபோல் இக்காலியிடங்களைப் பின்வந்த இசைவாணர் நிரப்பினர். 20-ஆம் நூற்றாண்டில் கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார்.

ஆயினும் கணக்கு மட்டும் இராகம் ஆகாது. பைரவில் ரி, த இரண்டும் மெல்ல அசைந்தாடும். சுரங்கள் ஒன்றாயினும் மாயாமாளவகௌளையின் நடை வேறு. அதிர்வெண்ணுக்குப் பொழுது தெரியாது. காலையை அதனுடன் இணைத்தது நம் பழக்கமே.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ச ரி க ம பாடுங்கள். பிறகு அதே இடைவெளிகளுடன் பஞ்சமத்திலிருந்து பாடுங்கள். குரல் தானாகவே மேல் சட்ஜத்தில் வந்து நிற்கும்.