மருந்தடித்தும் புகையான் பெருகுவது ஏன்?

எண்ணூரைத் தாண்டி மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நெல் பயிரிடும் விவசாயிகள் பலர், மருந்தடித்த சில நாளிலேயே புகையான் முன்பைவிடப் பெருகிவிட்டது என்கிறார்கள். மருந்து போலி என்று கடைக்காரரைச் சந்தேகிக்கும் முன் தாய்ப்பூச்சியைக் கவனியுங்கள்.

பூச்சியின் மூளைக்குப் பின்னால் உள்ள சிறு சுரப்பி 'இளம்பருவ ஹார்மோனை'ச் சுரக்கிறது. குஞ்சுப் பருவத்தில் பூச்சியை முதிரவிடாமல் வைத்திருப்பது இதுதான். முதிர்ந்த பெண் பூச்சியிலோ இதே ஹார்மோன் மஞ்சள்கருப் புரதத்தை உற்பத்தி செய்யத் தூண்டும். அந்தப் புரதம் சேர்ந்தால்தான் முட்டை முதிரும். இச்சுரப்பி இல்லாவிட்டால் முட்டை முதிராது என்பதை ரத்தம் குடிக்கும் ஒரு நாவாய்ப்பூச்சியில் விக்கிள்ஸ்வொர்த் என்ற விஞ்ஞானி 1936-லேயே காட்டினார்.

டிரையசோபாஸ், டெல்டாமெத்ரின் போன்றவை குறைந்த அளவில் பட்டுத் தப்பிய புகையான் கூடுதலாக முட்டையிடும். புகையானைத் தின்னும் சிலந்திகளும் அந்த மருந்தில் செத்துவிடும். டிரையசோபாஸ் 2020 இறுதியோடு தடை செய்யப்பட்டுவிட்டது. பைரித்ராய்டு மருந்துகள் இன்னும் கடைகளில் இருக்கின்றன. புகையானுக்கு அவற்றை வாங்காதீர்கள். யூரியா அதிகமானாலும் முட்டை கூடும்.

தூரை விலக்கி எண்ணிப் பாருங்கள். தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம். முதலில் தண்ணீரை வடியுங்கள். பிறகு ஏக்கருக்கு 320 மில்லி புப்ரோபெசின் 25 எஸ்.சி. மருந்தைத் தூரில் படும்படி தெளியுங்கள். இது குஞ்சுகளைத் தோலுரிக்கவிடாமல் கொல்லும், முட்டையையும் குறைக்கும்; தாய்ப்பூச்சி உடனே சாகாது. மறுநாளும் பூச்சி தெரிகிறதே என்று வேறு மருந்தைக் கலந்து அடித்துவிடாதீர்கள்.