கடைசியில் வந்து சேர்ந்த பிள்ளைப்பிராயம்: லொரெட்டா லின் பாட்டெழுதக் கற்ற வரலாறு

1969 அக்டோபர் 1. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரை அடுத்த மவுண்ட் ஜூலியட் என்ற ஊர். அங்கே ஒரு பழைய கொட்டகையை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றி வைத்திருந்தார் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி. முப்பத்தேழு வயதுப் பாடகி லொரெட்டா லின் அன்று அவரிடம் கொண்டுவந்த பாட்டு, ஓர் இசைத்தட்டுக்கு நீளம் அதிகம். சில சரணங்களை வெட்டச் சொன்னார் பிராட்லி. வெட்டப்பட்டது. அந்த வெட்டு தன்னை வருத்தியதை லொரெட்டா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். மிஞ்சிய சரணங்கள்தாம் "கோல் மைனர்ஸ் டாட்டர்", சுரங்கத் தொழிலாளியின் மகள். 1970 டிசம்பரில் அது கன்ட்ரி இசைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது.

லொரெட்டாவின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பாட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். மலையில் பிறந்தார், வறுமையில் வளர்ந்தார், அந்த வறுமையே பாட்டாகப் பொங்கியது என்று கதை நேராக ஓடுகிறது. ஆனால் பாடல்களை எழுதப்பட்ட வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. முதல் பாட்டு வெளிவந்தது 1960-இல். பிறந்த மண்ணைப் பற்றிய இந்தப் பெரும் பாட்டு பதிவானது அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. பிள்ளைப்பிராயம் அவருடைய பாட்டுத் தொழிலின் தொடக்கம் அல்ல. தொழில் கைவந்த பிறகு அவர் திரும்பிப் போய் எடுத்துக்கொண்ட பொருள். அந்தத் திரும்புதல் எப்படி நடந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒரு சொல்லைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 'கன்ட்ரி' என்பதை நாட்டுப்புற இசை என்று பெயர்த்தால் தவறான பொருள் வந்துவிடும். நாட்டுப்புற வேர்கள் அதற்கு உண்டு. என்றாலும் 1920-களிலிருந்தே அது வானொலியும் இசைத்தட்டு நிறுவனங்களும் பாடல் பதிப்பகங்களும் சேர்ந்து வளர்த்த தொழில். பாட்டு எழுதினால் உரிமைத்தொகை வரும், பட்டியலில் ஏறும், இறங்கும். லொரெட்டா நுழைந்தது இந்தத் தொழிலுக்குள்.

மலையிடுக்கு

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கில், ஜான்சன் கவுன்டியில், புட்சர் ஹாலோ என்ற மலையிடுக்கில் 1932 ஏப்ரல் 14-இல் லொரெட்டா வெப் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். அவ்வூர்க்காரர்கள் 'ஹாலோ' என்று சொல்வதில்லை, 'ஹாலர்' என்பார்கள். லொரெட்டாவும் கடைசிவரை அப்படித்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த வான் லியர், கன்சாலிடேஷன் கோல் கம்பெனி தன் சுரங்கங்களுக்காக உருவாக்கிய ஊர். வீடும் கடையும் கம்பெனியுடையவை. அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் தந்தை டெட் வெப்.

வீட்டின் பலகைச் சுவர்களில் குளிர்காற்று புகாமலிருக்க, தாய் கிளாரா பத்திரிகைத் தாள்களை ஒட்டி வைத்திருந்தார். அவற்றில் சினிமாப் பத்திரிகைத் தாள்களும் உண்டு. அதில் இருந்த நடிகை லொரெட்டா யங்கின் படத்தைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். இது ஒரு சுவையான துணுக்கு மட்டுமன்று. உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது என்று நாம் நினைக்கும் அந்த மலையிடுக்குக்குள் ஹாலிவுட் ஏற்கெனவே வந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெயரே அச்சுத்தாளிலிருந்து வந்த பெயர்.

பாட்டு இரண்டு வழிகளில் அந்த வீட்டுக்குள் வந்தது. ஒன்று, தாயின் குரல். அப்பலேச்சிய மலைக்குப் பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கதைப்பாடல்களின் வழியில் வந்தவை கிளாரா பாடியவை. கொலை, காதல், பிரிவு என்று ஏதாவது ஒரு கதையைச் சரணம் சரணமாகச் சொல்லிக்கொண்டே போகும் பாட்டுகள் அவை. நின்று திரும்பப் பாடப் பல்லவி என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. இரண்டாவது, பாட்டரியில் ஓடிய வானொலி. நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். நிலையம் 1932-இல், அதாவது லொரெட்டா பிறந்த ஆண்டில், 50,000 வாட் திறனுக்கு உயர்ந்தது. மத்திய அலை இரவில் வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். ஆகவே சனிக்கிழமை இரவு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சி, மின்சாரக் கம்பி எட்டாத மலைவீடுகளுக்கும் எட்டியது.

இத்தனை இருந்தும் அந்த வயதில் அவர் பாட்டு எழுதவில்லை. தம்பி தங்கைகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டு பாடினார், அவ்வளவுதான். எழுதவேண்டும் என்ற எண்ணம் அங்கே உதிக்கவில்லை.

பள்ளியில் நடந்த 'பை சோஷியல்' என்ற ஏலத்தில்தான் ஆலிவர் லின்னைச் சந்தித்தார். ஊரார் அவரை டூலிட்டில் என்று அழைத்தார்கள். பெண்கள் சுட்டுக் கொண்டுவரும் இனிப்புப் பண்டத்தை ஆண்கள் ஏலம் எடுப்பது அந்நிகழ்ச்சியின் வழக்கம். லொரெட்டா சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார். ஏலம் எடுத்தவர் டூலிட்டில். ஒரு மாதத்தில் திருமணம்.

இங்கே சான்றுகளின் சிக்கல் ஒன்று வருகிறது. 1976-இல் வந்த தன்வரலாற்றில், பதினான்கு நிரம்பும் முன்பே மணமானதாக லொரெட்டா சொல்லியிருந்தார். உலகம் முப்பத்தாறு ஆண்டுகள் அதை நம்பியது. 2012-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அரசு ஆவணங்களை எடுத்துப் பார்த்தது. பிறப்புச் சான்று 1932 என்கிறது. திருமணப் பதிவு 1948 ஜனவரி 10 என்கிறது. அப்படியானால் மணமகளுக்கு வயது பதினைந்து, மணமகனுக்கு இருபத்தொன்று. இதை வைத்து அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மேடைக்கு வரும் பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்லவேண்டியிருந்த தொழில் அது. பதினைந்து வயதுத் திருமணம் எந்தக் கணக்கிலும் இலகுவானதும் அல்ல. ஆய்வாளருக்கு முக்கியமானது வேறு: புட்சர் ஹாலோவின் பிள்ளைப்பிராயம் நடந்தபடியே பாட்டுக்குள் வந்துவிடவில்லை. அவர் அதை எடுத்து, கோத்து, சீர்செய்து சொன்னார். சொல்வதும் ஒரு படைப்புவேலை.

17 டாலர் கிடார்

திருமணமான சில மாதங்களில் இருவரும் நாட்டின் மறுகோடிக்குப் போனார்கள். கனடா எல்லையை ஒட்டிய வாஷிங்டன் மாநிலத்தின் கஸ்டர் என்ற சிற்றூர், புட்சர் ஹாலோவிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். டூலிட்டிலுக்கு மரம் வெட்டும் வேலை. லொரெட்டா ஸ்ட்ராபெர்ரி பறித்தார், பண்ணையில் சமைத்தார். இருபது வயதில் நான்கு பிள்ளைகளுக்குத் தாய்.

1953-இல் டூலிட்டில் சியர்ஸ் கம்பெனியிலிருந்து 'ஹார்மனி' கிடார் ஒன்றை 17 டாலருக்கு வாங்கிவந்து கொடுத்தார். வேலை செய்துகொண்டே மனைவி பாடுவதைக் கேட்டவர், பாடகியாக்கியே தீருவது என்று முடிவுகட்டியிருந்தார். லொரெட்டா தாமாகவே சுருதி கண்டுபிடித்துக் கற்றுக்கொண்டார். பாட்டெழுதக் கற்றதோ அதைவிட வியப்பு. 'கன்ட்ரி சாங் ரவுண்டப்' என்று ஒரு பத்திரிகை. வானொலியில் ஓடும் பாட்டுகளின் வரிகளை அச்சிட்டு விற்பது அதன் வேலை. அதைப் புரட்டிப் பார்த்து, பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எந்த அடி எதோடு இயைகிறது என்று கவனித்து, இதை நானும் செய்யலாமே என்று துணிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். காதால் மட்டும் கேட்டுவந்த பாட்டை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தார். அவர் பாடலாசிரியர் ஆனது அந்தக் கணத்தில்தான் என்பது என் எண்ணம். மலையின் வாய்மொழி மரபு அவருக்குக் குரலைத் தந்தது. பாட்டு என்பது ஒரு கட்டுமானம் என்று காட்டியது மலிவு விலைப் பத்திரிகை.

அதனால்தான் முதல் பாட்டில் மலையைக் காணோம். "ஐ'ம் எ ஹாங்கி டாங்க் கேர்ள்" மதுக்கடையில் உட்கார்ந்து அழும் பெண்ணின் பாட்டு. அப்படிப்பட்ட ஒரு பெண்ணை நேரில் பார்த்து எழுதியதாக லொரெட்டா சொன்னார். பொருளும் வடிவமும் அந்நாளைய சந்தையில் ஓடியவை. கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த ஜீரோ ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் 1960 பிப்ரவரியில் ஹாலிவுட்டில் அதைப் பதிவு செய்தது. விளம்பரத்துக்குப் பணமில்லை. கணவனும் மனைவியும் இசைத்தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ரொட்டியும் இறைச்சித் துண்டும் தின்று, இரவு காரிலேயே தூங்கி, வழியில் தென்பட்ட வானொலிக் கோபுரம் ஒவ்வொன்றின் அடியிலும் நிறுத்திக் கதவைத் தட்டினார்கள். பாட்டு தேசியப் பட்டியலில் 14-ஆம் இடத்தை எட்டியது. அந்த அக்டோபர் 15-இல், சிறுமியாக வானொலியில் கேட்ட அதே ஆப்ரியின் மேடையில் நின்றார். தந்தை அதைக் கேட்கவில்லை. டெட் வெப் 1959-இலேயே இறந்திருந்தார்.

நாஷ்வில்

நாஷ்வில்லில் அவருக்குப் பாடகர்களான வில்பர்ன் சகோதரர்களின் ஆதரவு கிடைத்தது. அவர்களுடைய ஷூர்-ஃபயர் பதிப்பகத்தோடு ஒப்பந்தம். டெக்கா நிறுவனத்தில் ஓவன் பிராட்லியின் மேற்பார்வையில் ஒலிப்பதிவு. அக்காவைப் போல நின்று வழிகாட்டியவர் பாடகி பேட்ஸி கிளைன். 1961-இல் விபத்துக்குள்ளாகி மருத்துவமனையில் கிடந்த பேட்ஸிக்காக, எர்னஸ்ட் டப் நடத்திய நள்ளிரவு வானொலி நிகழ்ச்சியில் லொரெட்டா பாடினார். படுக்கையிலிருந்து அதைக் கேட்ட பேட்ஸி ஆளனுப்பி வரவழைத்தார். இரண்டே ஆண்டு நட்பு. 1963 மார்ச் 5-இல் விமான விபத்தில் பேட்ஸி போய்விட்டார்.

1960-களின் நடுவில் லொரெட்டா எழுதிய பாடல்களின் அருமையை உணர, ஒரு தலைமுறை பின்னோக்கிப் போகவேண்டும். 1952-இல் கிட்டி வெல்ஸ், பெண்கள் கெட்டுப்போவதற்கு ஆண்களே காரணம் என்று பாடி முதலிடம் பிடித்தார். பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் தனிப் பாடகி ஒருவர் அங்கே ஏறியது அதுவே முதல்முறை. ஆனால் எழுதியவர் ஜே. டி. மில்லர் என்ற ஆண். அதுவும் வேறொரு ஆணின் பாட்டுக்கு மறுமொழியாக எழுதப்பட்டது. பெண்ணின் நியாயத்தைப் பெண் குரல் பாடியது, ஆண் கை எழுதியது.

லொரெட்டாவிடம் குரலும் கையும் ஒன்றாயின. 1966-இல் "யூ எய்ன்ட் வுமன் இனஃப்" வந்தது. அது கணவனுக்கு வலைவீசும் பெண்ணை நேருக்கு நேர் பார்த்துச் சொல்வது. அடுத்து, குடித்துவிட்டு வாசலில் நிற்கும் கணவனிடம் பேசும் பாட்டு. தங்கையோடு சேர்ந்து எழுதிய அது 1967-இல் அவருடைய முதல் முதலிடம். 1968-இல் "ஃபிஸ்ட் சிட்டி", கைகலப்புக்கே தயார் என்று அறிவிப்பது. இந்த மூன்றிலும் எதிரே ஒரு 'நீ' நிற்கிறார். தனக்குள் அழும் பாட்டு இல்லை, வாசற்படியில் நின்று பேசும் பேச்சு. டூலிட்டில் குடித்ததையும் பிற பெண்களிடம் போனதையும் லொரெட்டா தன் நூல்களில் ஒளிக்காமல் எழுதினார். நான்கு பிள்ளைகளுடன் அந்நிய ஊரில் கழிந்த ஆண்டுகள் இந்தப் பாடல்களில் இருக்கின்றன. பிறந்த மலை இன்னும் இல்லை.

பலர் செய்யும் பிழை ஒன்றையும் இங்கே திருத்தவேண்டும். கருத்தடை மாத்திரையைப் பற்றிய "த பில்" அவர் எழுதியதாகவே பேசப்படுகிறது. பாட்டின் ஆசிரியர்களாகப் பதிவானவர்கள் லோரீன் ஆலன், டான் மெக்ஹேன், டி. டி. பேலிஸ் ஆகியோர். 1975-இல் அது வெளிவந்தபோது பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. பழியும் துணிச்சலும் பாடியவருக்கே சேர்ந்தன. அவர் தாமே எழுதிய "ரேட்டட் எக்ஸ்", மணமுறிவு பெற்ற பெண்ணை ஊர் பார்க்கும் பார்வையைப் பற்றியது. இன்று அதிகம் பேசப்படாத அந்தப் பாட்டுத்தான் எனக்கு ஆழமானதாகப் படுகிறது.

இனி 1969-இன் பாட்டுக்கு வரலாம். சந்தைக்கு ஏற்ற பாட்டு எழுதத் தெரிந்துகொண்டு பத்தாண்டு கழித்து, லொரெட்டா அந்த வடிவத்தைக் கீழே வைத்துவிடுகிறார். "கோல் மைனர்ஸ் டாட்டர்" பாட்டில் தனிப் பல்லவி இல்லை. சரணத்துக்குச் சரணம் கதை நகர்கிறது. இடையிடையே தலைப்புத் தொடர் மட்டும் திரும்பி வருகிறது. தந்தையின் கூலி, துவைபலகையில் தேய்ந்த தாயின் கை, தபால் கடைப் பட்டியலைப் பார்த்து வாங்கும் குளிர்காலச் செருப்பு என்று ஒவ்வொரு பொருளாக வந்துபோகிறது. இது கிளாரா பாடிய கதைப்பாடலின் கட்டு. பொருள் மட்டும் வீடு திரும்பவில்லை, வடிவமும் திரும்பியது. பிராட்லி சரணங்களை வெட்டச் சொன்னது ஏன் வலித்தது என்பதும் இங்கே விளங்குகிறது: கதைப்பாடலுக்கு நீளம்தான் உயிர், இசைத்தட்டுக்கு மூன்று நிமிடம்தான் இடம்.

பாட்டு எழுந்த காலமும் கவனிக்கத்தக்கது. 1968 நவம்பர் 20-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டனில் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்தார்கள். அதுவும் கன்சாலிடேஷன் கம்பெனியின் சுரங்கம்தான். அடுத்த பிப்ரவரியில், நிலக்கரித் தூசியால் நுரையீரல் கறுக்கும் நோய்க்கு இழப்பீடு கேட்டு அம்மாநிலச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. டெட் வெப்பின் நுரையீரலும் அதே தூசியால் கெட்டதுதான். பாட்டில் வெடிப்பும் இல்லை, சட்டமும் இல்லை. இரவெல்லாம் நிலக்கரி வெட்டிய ஒரு மனிதரைப் பெருமையோடு தகப்பன் என்று சொல்லும் குரல் மட்டும் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் அதைக் கேட்ட சுரங்கக் குடும்பங்களுக்கு மற்றவற்றை யாரும் சொல்லவேண்டியிருந்திருக்காது.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை: 1972-இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டுக் கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண், 1976-இல் தன்வரலாறு, 1980-இல் அதன் திரைவடிவம், அதில் லொரெட்டாவாக நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக்குக்கு ஆஸ்கார். இந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு நட்டம் நடந்தது. வில்பர்ன் சகோதரர்களோடு பிணக்கு முற்றி வழக்காயிற்று. எழுதிய பாடல்களின் உரிமை பதிப்பகத்திடமே நின்றது. இனி எழுதினாலும் அவர்களுக்குத்தானே போகும் என்று அவர் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். அமெரிக்கக் கன்ட்ரி இசை அந்த ஆண்டுகளில் எத்தனை பாடல்களை இழந்தது என்பதை எண்ணும்போது எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது.

2004-இல், எழுபத்திரண்டு வயதில், ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட்டின் தயாரிப்பில் "வான் லியர் ரோஸ்" தொகுப்பு வந்தது. பாடல்களெல்லாம் அவரே எழுதியவை. அதில் "லிட்டில் ரெட் ஷூஸ்" பாட்டே அல்ல: குழந்தைப் பருவத்தில் நோயுற்றதையும் ஒரு சிவப்புக் காலணியையும் பற்றி லொரெட்டா பேசிக்கொண்டிருந்ததைப் பதிவுசெய்து, ஜாக் வைட் அதன்மேல் இசை சேர்த்தார். இம்முறை எந்தச் சரணத்தையும் யாரும் வெட்டவில்லை. பேச்சு பேச்சாகவே நிற்கிறது. தலைப்புப் பாட்டு இன்னும் பின்னோக்கிப் போகிறது. சுரங்கத் தொழிலாளர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்த வான் லியர் ஊர்ப் பேரழகியைத் தான் கைப்பிடித்த கதையைத் தகப்பன் சொல்ல, மகள் கேட்கிறாள். அந்தப் பேரழகி கிளாரா. லொரெட்டா இன்னும் பிறக்கவில்லை.