இற்செறிப்பு: தினைப்புனம் முதல் திண்டுக்கல் வரை

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஏறுபவர்களைச் சற்று நேரம் கவனித்தால் போதும். பத்து வயதுச் சிறுமி தம்பியை முந்திக்கொண்டு பாறையில் ஓடுவாள். பதினைந்து வயது அக்காள் தாயின் அருகிலேயே துப்பட்டாவைச் சரிசெய்தபடி நடப்பாள். அவளுக்கும் ஓடத்தான் ஆசை. ஆனால் "ஓடாதே" என்ற சொல் அவளுக்கு எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது.

இந்த ஒற்றைச் சொல்லுக்கு நம் இலக்கியத்தில் இரண்டாயிரம் ஆண்டு வயது. அதன் பழைய பெயர் இற்செறிப்பு.

குறிஞ்சித்திணைப் பாடல்களின் தலைவி வீட்டுக்குள் இருப்பவள் அல்லள். பரண் மீதேறித் தினைப்புனம் காக்கிறாள். தட்டையும் குளிரும் கொண்டு கிளி ஓட்டுகிறாள். தோழியரோடு ஊசலாடுகிறாள், அருவியில் நீராடுகிறாள், பூக்கொய்ய மலைச்சாரலில் அலைகிறாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இத்தகைய ஒரு பகற்பொழுதின் விரிவான சித்திரம். பின்னர் ஒருநாள் தினை முற்றிவிடுகிறது, அல்லது தாய்க்கு ஐயம் எழுகிறது. மகள் இல்லத்துள் செறிக்கப்படுகிறாள். உரைகாரர்களும் நாமும் இதைக் காதலுக்கு நேர்ந்த இடையூறாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். உடலின் பக்கம் நின்று பார்த்தால் அதே நாளில் ஓட்டம், நீச்சல், ஊசல், உரத்த குரல் அத்தனையும் முடிந்துபோகின்றன. புனத்துக்கு அனுப்பியவள் தாய். திரும்ப அழைத்துக்கொண்டவளும் அவளே. அந்த விளையாட்டுப் பொழுதும் தினைகாவல் என்ற வேலையின் நிழலில் கிடைத்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. வேலை முடிந்ததும் அனுமதியும் முடிந்தது.

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடையில் விரிந்த சமவெளி திண்டுக்கல். 1772இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின் வேலுநாச்சியார் தம் மகள் வெள்ளச்சியுடன் அடைக்கலம் தேடி இப்பகுதிக்குத்தான் வந்தார். இன்றைய ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர் ஆதரவளித்தார். திண்டுக்கல்லைத் தன் ஆளுகையில் வைத்திருந்த ஹைதர் அலி படையுதவி செய்தார். 1780இல் சிவகங்கை மீட்கப்பட்டது.

இந்த வரலாற்றில் நாம் அதிகம் பேசாத ஒருவர் உண்டு: வேலுநாச்சியாரின் தந்தை, இராமநாதபுரம் செல்லமுத்து சேதுபதி. ஆண் வாரிசு இல்லாத அவர் தம் ஒரே மகளுக்குக் குதிரையேற்றம், சிலம்பம், வளரி, வில், வாள் ஆகியவற்றைக் கற்பித்தார் என்கிறது மரபு. இற்செறிக்கும் வயதில் ஒரு தந்தை மகளுக்குத் திடலைத் திறந்துவிட்டிருக்கிறார். ஆனால் இங்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. தினைப்புனத்தில் அது காவல்; அரண்மனையில் அது அரசுரிமை. எந்தப் பயனும் கருதாது, ஓடுவதன் மகிழ்ச்சிக்காகவே ஒரு பெண் ஓடலாம் என்ற அனுமதியை இவ்விரு இடங்களிலும் காணமுடியவில்லை.

இன்றைய நிலையும் அதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. வளரிளம்பருவத்தினருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2016இல் 11 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. சிறுமியரில் இது 85 விழுக்காடு, சிறுவரில் 78. சிறுவரின் எண்ணிக்கையும் ஆறுதல் தருவதாக இல்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் பந்து பரணுக்குப் போகிறது, பையன் டியூஷனுக்குப் போகிறான். இற்செறிப்பு இப்போது இருபாலருக்கும் பொதுவாகிவிட்டது.

பெற்றோரின் பங்கு பற்றிய ஆய்வுகள் ஒரு சுவையான செய்தியைச் சொல்கின்றன. தாய் தந்தையர் தாமே உடற்பயிற்சி செய்பவர்களா என்பதைவிட, பிள்ளைக்கு அவர்கள் தரும் ஆதரவே சீரான விளைவைக் காட்டுகிறது. திடலுக்கு அழைத்துப் போவது, காலணி வாங்கித் தருவது, கூட நின்று பார்ப்பது, "போய் விளையாடு" என்று சொல்வது, இவைதாம் அந்த ஆதரவு. சேதுபதி தம் மகளுக்குச் செய்ததும் இதுவே: ஆசிரியரைத் தந்தார், குதிரையைத் தந்தார், நேரத்தைத் தந்தார்.

மகளை வீட்டில் நிறுத்தும் தாயைக் குறைசொல்வது எளிது. இருட்டிய தெருவையும் ஊராரின் வாயையும் அவள் அறிவாள். சங்கப்பாடல்களின் தாயும் அம்பலுக்கும் அலருக்கும் அஞ்சியவளே. அச்சம் உண்மையானது. ஆனால் அதன் விலையை ஒவ்வொரு தலைமுறையிலும் மகளின் உடலே கொடுத்துவருகிறது. கோட்டைப் பாறையில் அந்த அக்காள் ஓடுவதற்கு இனி ஒரு போர் வரவேண்டியதில்லை. கூட வரும் தாய் ஒருமுறை "ஓடேன்" என்றால் போதும்.