வாசலுக்கு வெளியே யார் பொறுப்பு? லேக் கார்டன்ஸ் தெருக்களுக்கான விதிகள்

2025 செப்டம்பர் 22ஆம் தேதி இரவில் தொடங்கிய மழை, மறுநாள் விடிவதற்குள் கொல்கத்தாவை முடக்கியது. லேக் கார்டன்ஸை ஒட்டிய ஜோத்பூர் பார்க்கில் சில மணி நேரத்தில் 285 மி.மீ. மழை பதிவானது. நகரிலும் சுற்றுப்பகுதிகளிலும் குறைந்தது 10 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மின்சாரம் பாய்ந்து இறந்தவர்கள். மாநில அரசு மின் விநியோக நிறுவனமான சி.இ.எஸ்.சி.யைக் குற்றஞ்சாட்டியது, நிறுவனம் அதை ஏற்கவில்லை. யார் பொறுப்பு என்ற அந்தக் கேள்வி, லேக் கார்டன்ஸின் ஒவ்வொரு தெருவிலும் மழை இல்லாத நாளிலும் எழுவதுதான்.

ரவீந்திர சரோவருக்குத் தெற்கே, பட்ஜ் பட்ஜ் ரயில் பாதைக்கு அப்பால் அமைந்த குடியிருப்புப் பகுதி இது. கொல்கத்தா மாநகராட்சியின் 144 வார்டுகளுள் 93ஆவது வார்டில் அடங்குகிறது. தெரு, நடைபாதை, தெருவிளக்கு, வடிகால் ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. 1980ஆம் ஆண்டு கொல்கத்தா மாநகராட்சிச் சட்டமே இவற்றுக்கு அடிப்படை. ரயில் நிலம் கிழக்கு ரயில்வேயுடையது. ஏரியும் அதன் கரையும் பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் பராமரிப்பில் உள்ளன. வீட்டுக்கு வரும் மின்சாரம் சி.இ.எஸ்.சி. சார்ந்தது. புகார் தவறான அலுவலகத்துக்குச் சென்றால் வாரக்கணக்கில் வீணாகும் என்பதால், இந்தப் பங்கீட்டை அறிந்திருப்பது முதல் தேவை.

தெருவோர வடிகால் குழியை இங்கு 'கல்லி பிட்' என்பர். சாலையில் விழும் மழைநீர் இதன் வழியாகவே நிலத்தடிக் குழாயை அடைகிறது. நகரின் பெரும்பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்வதால், அடைப்பு ஏற்பட்டால் தெருவில் தேங்குவது வெறும் மழைநீர் அன்று. பொது இடத்தில் குப்பை கொட்டுவதற்கான அபராதத்தை 2018 நவம்பரில் மாநிலச் சட்டப்பேரவை திருத்தியது. 50 ரூபாயாக இருந்த குறைந்தபட்சத் தொகை 5,000 ரூபாயாகவும், 5,000 ரூபாயாக இருந்த உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாயாகவும் உயர்ந்தன. தொகை பெரிதுதான், ஆனால் ஒவ்வொரு முனையிலும் கண்காணிப்பவர் இல்லாத நிலையில், தொகையின் அளவு மட்டும் குழியைக் காப்பாற்றிவிடாது.

நெகிழிப் பையைவிடக் குழிக்குப் பெரிய பகை மணல். பழைய இரண்டு மாடி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகும் தென்கொல்கத்தாவில், மணலும் ஜல்லியும் சாலையோரத்தில் குவிவது அன்றாடக் காட்சி. முதல் மழையில் அம்மணல் குழிக்குள் இறங்கிப் படிந்து இறுகிவிடுகிறது. கட்டுமானக் கழிவுகளைச் சொந்த வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும், சாலையையோ வடிகாலையோ மறிக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் கூறின. மாநகராட்சியின் அனுமதியின்றிக் கட்டுமானப் பொருள்களைத் தெருவில் வைப்பதும், குடிநீர் இணைப்புக்காகச் சாலையைத் தோண்டுவதும் குற்றம். வீட்டைப் 'புரமோட்டரிடம்' ஒப்படைப்போர், பொருள்களை எங்கு வைப்பது, தெருவைச் சீரமைப்பது யார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

வீட்டுக் குப்பைக்கு மாநகராட்சி இரண்டு தொட்டிகளை வழங்கியது: மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம். காலையில் விசில் ஒலியுடன் வரும் கைவண்டியில் இவற்றைத் தனித்தனியே சேர்க்க வேண்டும். வண்டி சென்றபின் தெருமுனையில் வைக்கப்படும் பையே காகமும் நாயும் கிழித்து, குழிக்குள் போய்ச் சேருவது. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை உரிமம் பெறாத இடத்தில் நடத்துவோர் மூன்று வேலை நாள்களுக்கு முன்னரே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளில் பலரும் அறியாத பகுதியாக இருந்தது. மொட்டை மாடியில் சஷ்டியப்தபூர்த்தி விருந்து வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தியது. வாழை இலை பச்சைத் தொட்டிக்கு உரியது. வெள்ளித்தாள் பூசிய தட்டு அதற்கு உரியதன்று.

நடைபாதையைப் பொறுத்தவரை, அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே வியாபாரிகளுக்கு, மீதம் நடப்போருக்கு என்பது மாநகராட்சி வகுத்த அளவு. சாலைச் சந்திப்பிலிருந்து 50 அடிக்குள் கடை கூடாது. அதேவேளையில், 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி, 30 நாள் அறிவிப்பின்றி எவரையும் அப்புறப்படுத்த இயலாது. 2024 ஜூனில் மாநிலம் முழுவதும் நடந்த ஆக்கிரமிப்பு அகற்றம், சில நாள்களிலேயே ஒரு மாத அவகாசத்துடன் நிறுத்தப்பட்டது. வியாபாரிகளைக் குறைகூறும் குடியிருப்போர், தம் வாகன நிறுத்தத்துக்காக நடைபாதைமேல் கட்டிய சரிவுத்தளம், பூந்தொட்டி வரிசை, காவலாளியின் நாற்காலி ஆகியவையும் ஆக்கிரமிப்பே என்பதை மறந்துவிடுகின்றனர். சக்கர நாற்காலியில் செல்பவருக்கு இரண்டும் ஒன்றே.

சாலையோர மரத்தை வெட்ட 2006ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்கீழ் வனத்துறையின் அனுமதி தேவை. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை உண்டு. தெருநாய்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே உணவளிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் கூறியது. துர்கா பூஜைப் பந்தலுக்குக் காவல்துறை, தீயணைப்புத் துறை, மாநகராட்சி, மின் நிறுவனம் ஆகியவற்றின் ஒப்புதல் வேண்டும். மூங்கில் நட்ட குழிகளை மூடுவது அமைப்பாளர்களின் கடமை.

நீர் தேங்கிய நேரத்துக்கான விதிகளே உயிர் தொடர்பானவை. விளக்குக் கம்பத்தையோ மின்பெட்டியையோ தொடக் கூடாது. மீட்டர் அறைக்குள் நீர் வருமுன் முதன்மை இணைப்பைத் துண்டிக்க வேண்டும். நீர் வந்துவிட்டால் அறைக்குள் இறங்காமல் மின் நிறுவனத்தை அழைக்க வேண்டும். நீர் விரைவில் வடியும் என்ற எண்ணத்தில் ஆள்துளை மூடியைத் தாமே திறப்பது பெரும் ஆபத்து. கலங்கிய நீருக்கடியில் திறந்த துளை எவர் கண்ணுக்கும் தெரியாது.

அடைப்பை நீக்கக் கூலிக்கு ஒருவரை அழைத்துக் கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவியின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முதல் முறை குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2021 பிப்ரவரியில் தென்கொல்கத்தாவின் குத்காட்டில் ஆள்துளைக்குள் நான்கு தொழிலாளர்கள் இறந்தனர். கொல்கத்தா உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு சாக்கடை துப்புரவு செய்வதை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று தடைசெய்தது. அடுத்த சில நாள்களில், பிப்ரவரி 2 அன்று, பந்தலா தோல் தொழில் வளாகத்தில் மேலும் மூவர் ஆள்துளைக்குள் உயிரிழந்தனர். அடைப்பு எத்தனை சிறியதாயினும், அழைக்க வேண்டியது வார்டு அலுவலகத்தின் இயந்திர வண்டியையே.