தராசும் புதிரும்

எட்டுக் குண்டுகள், பார்வைக்கு ஒன்றுபோலிருப்பவை. ஒன்று மட்டும் சற்றே பாரமானது. தராசை இருமுறை மட்டுமே பயன்படுத்தி அதனைக் கண்டறிதல் வேண்டும். கணினி நிறுவனங்களின் நேர்முகப் பரீட்சைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் புதிர் இது. மும்மூன்றாக இருபுறமும் வைத்து நிறுத்தால் பாரமான பக்கம் தெரியும். அம்மூன்றில் இரண்டை மறுபடி நிறுத்தால் விடை கிடைக்கும். முதல் நிறுவையில் சமமாயின் எஞ்சிய இரண்டில் ஒன்று. முன்பே கேட்டவனுக்கு இது வெறும் நினைவு.

அட்டன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து படித்தேறிய நம் மாணவர் ஒருவர் கொழும்பில் இப்புதிரின் முன் தடுமாறித் திரும்பினார். நிரல் எழுதுவதில் அவர் எவருக்கும் இளைத்தவரல்லர். அவருடைய பாட்டி தம் வாழ்நாளெல்லாம் கொழுந்துத் தராசின் முன் நின்றவர்; அதன் முள்ளை வாசிக்க அவருக்கு எவரும் கற்பித்ததில்லை.

இவ்வழக்கத்தின் மூலத்தை நாடினால் வில்லியம் ஷாக்லியைக் காண்கிறோம். டிரான்சிஸ்டர் ஆய்வுக்காக 1956இல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்ட அவர், கலிபோர்னியாவில் தம் ஆய்வுக்கூடத்துக்கு ஆள் சேர்க்கையில், கையில் கடிகாரத்துடன் புதிர் தொடுத்தார். தோற்றவர் வெளியேறும் டென்னிஸ் போட்டியில் 127 பேர் ஆடினால் ஆட்டங்கள் எத்தனை? ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேற, வெற்றியாளர் ஒருவரே எஞ்சுவார், ஆகவே 126. அழகிய விடைதான், மறுக்கவில்லை. ஆயின் இதே மனிதர் பிற்காலத்தில், கறுப்பின மக்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர் என வாதிட்டுத் திரிந்தார். பின்னர் இவ்வழக்கத்துக்குப் புகழ் தேடித் தந்தது மைக்ரோசாப்ட். 2013இல் கூகிளின் ஆளணித் தலைவர் லாஸ்லோ பொக், இத்தகைய புதிர்கள் எதனையும் முன்னுணர்த்துவதில்லை, வீண் காலக்கழிவே என ஒப்புக்கொண்டார். பெரியவர்கள் கைவிட்டதைப் பற்றிக்கொள்வோர் எங்குமுளர்.

பிறவி அறிவு என்னும் பேச்சு மலையகத்துக்குப் புதிதன்று. இங்கே கணக்கறிவு மக்களுக்கு மறுக்கப்பட்ட ஒன்று. அக்காலத் தொழிலாளி, கங்காணியின் ஏட்டில் தன் பெயருக்கெதிரே ஏறிய கடன் எவ்வாறு வந்ததென அறியான். அக்கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டுடன் அவன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறினான். அம்முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல். தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் ஓராசிரியருடன் கீழ்வகுப்புகளோடு நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான்.

ஆனால் புதிருக்குப் பஞ்சமிருந்ததில்லை. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒவ்வொன்றாக ஆற்றைக் கடத்தும் கணக்கை நாம் முதலிற் கேட்டது லயத்து வாசலில், எழுத்தறியாத ஒரு கிழவியிடம். அக்கரை சேர்த்த ஆட்டைத் திரும்பக் கொண்டுவரத் துணிந்தாலன்றி அது தீராது. ஏழு கடப்புகள் வேண்டும். கணினியியல் மாணவர் இன்று நிலைகளைத் தேடும் முறைக்கு இதனையே எடுத்துக்காட்டாகப் படிக்கின்றனர்.

இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகள் சிலருக்குப் புதிர்கள் பழக்குகிறோம். எட்டுக் குண்டுகளை விளக்கி முடித்த அன்று, கடைசி வாங்கில் இருந்த சிறுமி எழுந்தாள். சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கொழுந்தில் கிலோக்கணக்காய்க் கழிக்கப்படுவதைத் தாயிடம் நாள்தோறும் கேட்பவள் அவள்.

"சேர், அந்தத் தராசு சரியானதென்று யார் சொன்னது?"

அன்றைய வகுப்பு அத்துடன் கொழுந்து நிறுக்கும் கணக்குக்குத் திரும்பிற்று.