வீடு யார் பெயரில்? கல்முனைக் கரையோர முஸ்லிம்களின் விவாகரத்து, உடைமை, பிள்ளைப் பராமரிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என அம்பாறைக் கரையோரத்தில் நீளும் முஸ்லிம் ஊர்களில் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். அந்த வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலும் பெண்ணின் உம்மா அதே வளவுக்குள்ளோ அடுத்த ஒழுங்கையிலோ இருப்பார். ஆகவே மணமுறிவு நேரும்போது பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டியவர் கணவர். பெண்ணும் பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். தென்னாசியாவின் பிற பகுதிகளில், ஏன், இலங்கையின் பிற முஸ்லிம் ஊர்கள் சிலவற்றிலும்கூட, 'வாழாவெட்டி' என்ற பெயரோடு தகப்பன் வீட்டு வாசலில் வந்து நிற்கும் பெண்ணின் நிலைமை இதுவல்ல.

விவாகரத்துச் சட்டம் பற்றி எழுதுவோர் தலாக்கையும் காதி நீதிமன்றத்தையும் பேசிவிட்டு நின்றுவிடுகிறார்கள். இந்தக் கரையில் ஒரு பெண்ணுக்கு விவாகரத்தின் பின் என்ன மிஞ்சும் என்பதைத் தீர்மானித்தது இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் காணி உறுதி. சட்டமும் உறுதியும் இருநூறு ஆண்டுகளாகத் தனித்தனி வழியில் வளர்ந்து வந்ததையே இக்கட்டுரை தொடர்கிறது.

எழுதப்பட்ட சட்டத்தின் தொடக்கம் 1806. ஒல்லாந்தர் பத்தேவியாவில் பயன்படுத்திய முஸ்லிம் சட்டத் தொகுப்பொன்றை ஆதாரமாகக் கொண்டு, அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியில், கொழும்பு மாகாண முஸ்லிம்களுக்கென முகம்மதியச் சட்டக்கோவை அவ்வாண்டு வெளியானது. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைத் தீவு முழுமைக்கும் விரித்தது. அதுவரை மட்டக்களப்புப் பகுதியில் (அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான்) ஊர் வழமையே ஆட்சி செய்தது. அந்த வழமையின் முதுகெலும்பு தாய்வழிக் குடி முறை. பிள்ளைக்குக் குடி தாயிடமிருந்து வரும், ஒரே குடிக்குள் மணம் முடிப்பதைத் தவிர்ப்பார்கள், பள்ளிவாசல் மரைக்காயர்மாரும் குடிவாரியாகத் தெரிவானார்கள். அயலிலிருந்த தமிழரின் முக்குவர் வழமையும் தாய்வழியானதே. அதைப் பற்றி பிரிட்டோ நூல் எழுதி வெளியிட்ட 1876 ஆம் ஆண்டிலேயே மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்து தமிழரிடையே அந்த வழமையின் சட்ட வலுவைக் குறைத்தது. முஸ்லிம்கள் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே விடப்பட்டார்கள்.

அவர்களின் முறை வந்தது 1931இல். அவ்வாண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மரணசாசனமின்றி இறக்கும் முஸ்லிமின் சொத்து அவரது மத்ஹபின்படி (சட்ட மரபின்படி) பங்கிடப்படும் என்றது. இந்தக் கரையில் அது ஷாபி மத்ஹப். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. இதை அப்படியே நடைமுறைப்படுத்தியிருந்தால் தாய்வழி வீடு ஒரே தலைமுறையில் சிதறியிருக்கும். சிதறவில்லை. காரணம், வாப்பாவும் உம்மாவும் உயிரோடு இருக்கும்போதே வீட்டையும் வயலில் ஒரு பகுதியையும் மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உயிரோடிருப்பவர் கொடுக்கும் நன்கொடைக்குப் பங்குக் கணக்கு இல்லை. 1969 முதல் அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, பழைய தாய்வழி மரபுரிமை இவ்வாறு சீதனமாக உருமாறி நிலைத்ததை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். 'வீட்டில குமர் (மணமாகாத பெண்) இருக்கு' என்றால் அந்தக் குமருக்கு ஒரு வீடு எழும்ப வேண்டும் என்று பொருள். எழுபதுகளின் இறுதியிலிருந்து மத்திய கிழக்குக்குப் போன அண்ணன் தம்பிமாரின் உழைப்பு இந்தச் சுவர்களில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தனியே ஆராய வேண்டும்.

அந்த உறுதியைக் கையிலெடுத்துப் பார்ப்போம். நொத்தாரிசு எழுதியது. முதலில் கொடுப்பவர் பெயர், பிறகு பெறுபவர் பெயர், 'அன்பும் பட்சமும் காரணமாக' என்ற வகை வாசகம், கீழே அட்டவணையில் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு எல்லைகள், இத்தனை பேர்ச் விஸ்தீரணம், அதிலுள்ள கல்வீடு, கிணறு, தென்னை. நிக்காஹ் பேச்சோடு எழுதப்பட்டாலும் அதில் கலியாணம் பற்றிய ஒரு சொல்கூட இல்லாமல் இருக்கலாம். 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு: மீட்க முடியாதது என்று உறுதியிலேயே சொல்லப்பட்டிருந்தாலன்றி ஒரு நன்கொடை மீட்க முடியாததாகக் கருதப்படாது. உறுதியைப் பெறுபவரிடம் ஒப்படைப்பதே ஆட்சியை ஒப்படைத்ததற்குச் சான்றாகும். ஆக, பெறுபவர் என்ற இடத்தில் பெண்ணின் பெயர் மட்டும் நிற்கிறதா, மாப்பிள்ளையின் பெயரும் சேர்கிறதா, மீட்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்ற சிறு விவரங்களே பின்னாளில் ஒரு குடும்பத்தின் கதியைத் தீர்மானிக்கின்றன. கலியாண அவசரத்தில் இவற்றை வாசித்துப் பார்ப்பவர் குறைவு.

இனி மறுபக்கம். 1886 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் முஸ்லிம் விவாகப் பதிவைக் கொண்டுவந்தது. காதி முறை, 1929இல் நிறைவேறி 1937இல் நடைமுறைக்கு வந்த 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பிள்ளை. இன்று நடைமுறையிலுள்ள 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1954இல் செயலுக்கு வந்தது. அதன்படி தலாக் சொல்ல விரும்பும் கணவர், மனைவி வசிக்கும் பிரதேசத்துக் காதிக்கு முதலில் அறிவிக்க வேண்டும். காதி உறவினரையும் ஊர்ப் பெரியவர்களையும் வைத்து இணக்கம் தேடுவார். முப்பது நாளில் இணக்கம் வராவிட்டால் காதியின் முன், இரண்டு சாட்சிகளோடு தலாக் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மனைவி பஸ்ஹ் (கணவரின் குற்றத்தைக் காட்டிப் பெறும் விவாகரத்து) கேட்டால் நிலைமை வேறு. கணவரின் குற்றத்தை அவர் நிரூபிக்க வேண்டும். காதியோடு ஜூரிமார் மூவர் அமர்ந்து விசாரிப்பார்கள். காதியாக ஆண்களே நியமிக்கப்பட முடியும். சட்டத்தரணி தோன்ற முடியாது. முறையீடு காதிகள் சபைக்கும், அதன்பின் அனுமதி பெற்று மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகும். தன் வாழ்க்கையின் அந்தரங்கத்தை, தனக்குத் தெரிந்த ஊர் ஆண்கள் நால்வரின் முன் ஒரு பெண் தனியே சொல்ல வேண்டியிருப்பது எத்தகைய சுமை என்பதை இந்த ஏற்பாட்டை வரைந்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

உடைமை விடயத்தில் காதியின் அதிகாரம் மஹர் (கணவர் தரும் மணக்கொடை), தாபரிப்பு, இத்தாக் (காத்திருப்புக்) காலச் செலவு, கைக்கூலி என்பவற்றோடு முடிகிறது. செலுத்தப்படாத தொகையை நீதவான் நீதிமன்றத்தின் ஊடாகத் தண்டப்பணம்போல் அறவிடலாம். மணமகளின் பயனுக்கென மணமகனிடம் கொடுக்கப்பட்ட, அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்பட்ட பணமும் அசையும் பொருளுமே கைக்கூலி என்பது சட்டத்தின் வரையறை. 'அசையும்' என்ற அந்த ஒரு சொல்லால் வீடும் வளவும் வயலும் காதியின் கைக்கு எட்டாமல் போயின. மாப்பிள்ளைக்குக் கொடுத்த ரொக்கத்தைக் காதியிடம் கேட்டுப் பெறலாம். அவர் பெயரையும் சேர்த்து எழுதிய வீட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் ஏற வேண்டும், ஆண்டுக்கணக்கில்.

பிள்ளைப் பராமரிப்பும் அப்படியே. பிள்ளைக்குரிய தாபரிப்புப் பணத்தைக் காதி தீர்மானிக்கலாம், பிள்ளை யாரோடு இருப்பது என்பது காதிக்குச் சட்டம் கொடுத்த அதிகாரமன்று. ஷாபி மரபில் விவரமறியும் வயதுவரை, ஏறத்தாழ ஏழு வயதுவரை, பிள்ளை தாயிடம் இருக்கும். அவருக்குப் பின் தாயின் தாய்க்கு உரிமை. ஏழுக்குப் பின் பிள்ளையே தெரிவு செய்யும். நீதிமன்றங்கள் இந்த விதிகளைக் கவனத்தில் எடுத்தாலும், காலப்போக்கில் பிள்ளையின் நலனையே முதன்மையாக நிறுத்தத் தொடங்கின. இந்தக் கரையில் தாய்வழி வீடே மத்ஹபின் விதியையும் பிள்ளையின் நலனையும் ஒன்றாக நிறைவேற்றி வந்திருக்கிறது. பிள்ளை அதே பாயில் தூங்கி அதே பள்ளிக்குப் போகும், உம்மாவின் உம்மா பக்கத்திலேயே இருப்பார். பராமரிப்பு வழக்குக்குத் தேவையே எழாமல் போன பல குடும்பங்களுக்கு அந்த வீடுதான் காரணம்.

அந்த வீடு பெண்ணின் பெயரிலிருந்து நழுவத் தொடங்கியது சட்டப் புத்தகத்தின் வேறு பக்கங்களில். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்கு வழங்கிய அனுமதிப்பத்திரங்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்று கருதப்பட்ட ஆணுக்கே போயின. அதன் மூன்றாம் அட்டவணை வாரிசுரிமையிலும் ஆண்களையே முன்னிறுத்தியது. அதைத் திருத்த 2022 வரை ஆனது. பிறகு 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை மருதமுனையையும் கல்முனைக்குடியையும் சாய்ந்தமருதையும் வாரிச் சுருட்டியபோது, கடலோரச் சீதன வீடுகளோடு உறுதிகளும் போயின. கிழக்கில் 200 மீற்றர் தடைவலயம் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டில் எழுப்பிய மாற்று வீடுகளுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்விக்குப் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற ஒரே ஒரு இடம் இருந்தது. உம்மாவின் உம்மா கொடுத்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு பல குடும்பங்களில் கணவரின் பெயருக்குப் போனது. மெக்கில்வ்ரேயும் பட்ரிசியா லோரன்சும் ஆழிப்பேரலைக்குப் பிந்திய கிழக்கின் வீட்டுத் திட்டங்களை ஆராய்ந்து, சீதன வழமையோடு அவை மோதியதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அப்படிப் பெயர் மாறிய வீட்டில் தலாக் நிகழ்ந்தால் வெளியேற வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு இந்தக் கரை முதன்முறையாகப் புதிய விடை காண வேண்டியிருக்கிறது.

சீர்திருத்த விவாதம் இதைப் போதிய அளவு தொடவில்லை. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018 ஜனவரியில் இரண்டாகப் பிளவுபட்ட பரிந்துரைகளோடு அறிக்கையைக் கையளித்தது. திருமண வயது, மணமகளின் கையொப்பம், பலதாரமணம், பெண் காதி நியமனம் ஆகியவற்றைச் சுற்றியே வாதம் நடந்தது. அவை அவசியமானவை. மணமகள் தன் விவாகப் பதிவில் தானே கையொப்பமிடுவதை இத்தனை காலம் தள்ளிப்போட எந்த நியாயமும் இல்லை. ஆனால் கல்முனைப் பெண்ணுக்கு அதற்கிணையான அவசரம் இன்னொன்றிலும் உண்டு: கைக்கூலியின் வரையறைக்குள் அசையாச் சொத்தும் வர வேண்டும், திருமணத்தையொட்டிப் பெண்ணின் பெற்றோர் கொடுத்த வீடும் காணியும் எவர் பெயரில் எழுதப்பட்டிருந்தாலும் விவாகரத்தின்போது அவளுக்குத் திரும்ப வேண்டும். அரச, நன்கொடை வீட்டுத் திட்டங்களில் இழந்த வீடு எந்தப் பெயரில் இருந்ததோ அந்தப் பெயருக்கே மாற்று வீட்டின் உறுதி எழுதப்பட வேண்டும். இந்தக் கடைசி மாற்றத்துக்கு நாடாளுமன்றம் வரை காத்திருக்கவும் தேவையில்லை. பிரதேச செயலகத்தின் படிவத்தில் இன்னொரு வரி சேர்த்தால் போதும்.