அராமிட் இழையின் வெப்பத் தாங்குதிறனும் காப்பு வலிமையும்: எண்ணூர்த் தொழிற்பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரக்குப்பத்திலிருந்து தெற்கே திருவொற்றியூர், இராயபுரம் வரையிலும் மேற்கே மணலி வரையிலும் பரந்துள்ள வடசென்னைத் தொழிற்பகுதி, நெருப்புக்கும் கொதிநீராவிக்கும் உருகிய உலோகத்துக்கும் மிக அருகில் மனிதர் நின்று வேலை செய்யும் இடங்களுள் ஒன்றாகும். 1946இல் திருவொற்றியூரில் பலூன் பட்டறையாகத் தொடங்கிப் பின்னர் டயர் உற்பத்திக்கு வந்த எம்.ஆர்.எஃப்., 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸின் வழிவந்த எண்ணூர் அசோக் லேலண்ட், 1965இல் தோன்றிய நிறுவனம் நடத்தும் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம், அதன் பின்னும் இயங்கிவரும் அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள் என இங்குள்ள தொழில்கள் பலவும் உயர் வெப்பத்தை நம்பியே நடக்கின்றன. இத்தகைய இடங்களுக்கான காப்பு உடையைப் பற்றிப் பேசும்போது அராமிட் என்னும் செயற்கை இழையின் பெயர் முதலில் வருகிறது. ஆனால், அது தீப்பிடிக்காது என்பதும் எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலியது என்பதுமான இரண்டு கூற்றுகளோடு பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இவ்விரு கூற்றுகளும் சில வரம்புகளோடு இழைக்குப் பொருந்துவன. அந்த இழையால் நெய்த உடையை அணிந்திருப்பவருக்கு அவை தாமாகவே பொருந்திவிடுவதில்லை. காப்பு என்பது இழையின் இயல்பு, வெப்பம் படும் நேரம், உடையின் அமைப்பு, பராமரிப்பு ஆகிய நான்கும் சேர்ந்த விளைவு என்பதும், கடலோரத் தொழிற்பகுதியில் கடைசி இரண்டுமே பெரிதும் முடிவு செய்கின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

நைலானும் அராமிடும்

முகத்துவாரக்குப்பத்து மீனவர்கள் கையாளும் நைலான் வலையும், கொதிகலன் அருகே அணியும் அராமிட் உடையும் வேதியியல் நோக்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிறு மூலக்கூறுகள் அமைடு என்னும் பிணைப்பால் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாகும் பல்லுறுப்பிகளே இரண்டும். நைலானில் அமைடு பிணைப்புகளுக்கு இடையே வளைந்து நெளியக்கூடிய கார்பன் தொடர் இருப்பதால், சூடேறும்போது சங்கிலிகள் எளிதில் நெகிழ்ந்து, வலைக்குப் பயன்படும் நைலான்-6 சுமார் 220 டிகிரி செல்சியஸில் உருகிவிடுகிறது. வலைக்கயிற்றின் அறுத்த முனை பிரியாமலிருக்க அதைத் தீயில் காட்டி உருக்கி ஒட்டவைக்கும் வழக்கம் இந்தப் பண்பை நம்பியதே. அதே பண்பு உடையில் இருந்தால் கேடாகிறது. நைலானும் பாலியஸ்டரும் கலந்த சட்டை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு தீக்காயத்தை ஆழமாக்கும்.

அராமிடில் அந்த நெகிழும் தொடரின் இடத்தில் பென்சீன் வளையம் அமர்கிறது. அமைடு பிணைப்புகளில் குறைந்தது 85 விழுக்காடு இரண்டு பென்சீன் வளையங்களோடு நேரடியாக இணைந்திருக்க வேண்டும் என்பது 1974இல் அமெரிக்காவில் இவ்வகை இழைக்குத் தரப்பட்ட வரையறை. வளையம் வளையாதது, அருகருகே நிற்கும் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக்கிப் பிடிக்கின்றன, ஆகவே வெப்பம் ஏறும்போது சங்கிலிகள் நெகிழ்ந்து உருகுவதற்கு முன்பே பிணைப்புகள் சிதைந்து இழை கரியாகிறது. உருகாமல் கரியாவதுதான் இவ்விழையின் காப்புத் தன்மைக்கு அடிப்படை.

வளையத்தில் பிணைப்புகள் அமையும் இடத்தைப் பொறுத்து அராமிட் இரு வகைப்படும். பிணைப்புகள் வளையத்தின் எதிரெதிர் முனைகளில் அமைந்தால் சங்கிலி நேர்க்கோடாக நீளும், இது பாரா-அராமிட். ஒன்றுவிட்ட முனைகளில் அமைந்தால் சங்கிலி வளைந்து வளைந்து செல்லும், இது மெட்டா-அராமிட். முதல் வகைக்குக் கெவ்லாரும் இரண்டாம் வகைக்கு நோமெக்ஸும் பரவலாக அறியப்பட்ட வணிகப் பெயர்கள். இரண்டுமே டூபாண்ட் நிறுவனத்தில் பிறந்தவை. எடை குறைந்த, வலிமை மிகுந்த டயர் இழையைத் தேடிய ஆய்வின்போதுதான் 1965இல் ஸ்டெஃபனி குவோலெக் பாரா-அராமிடின் வழியைக் கண்டார் என்பது, டயர் தொழிலோடு வளர்ந்த திருவொற்றியூருக்கு அந்நியமான செய்தியன்று. செறிந்த கந்தக அமிலத்தில் கரைந்த நிலையில் பாரா-அராமிடின் சங்கிலிகள் ஒரே திசையில் அணிவகுத்து நிற்பதால், நுண்துளைகள் வழியே இழுத்து நூற்கும்போது அந்த ஒழுங்கு அப்படியே இழையில் உறைந்துவிடுகிறது.

வெப்பத்தைத் தாங்கும் அளவும் நேரமும்

மெட்டா-அராமிட் ஏறத்தாழ 370 டிகிரிக்கு மேலும், பாரா-அராமிட் அதைவிட உயர்ந்த வெப்பநிலையிலும் சிதையத் தொடங்குகின்றன. காற்றில் உள்ள ஆக்சிஜன் 21 விழுக்காடு. இவை தொடர்ந்து எரிய 28 விழுக்காட்டையொட்டிய ஆக்சிஜன் வேண்டும். எனவே சாதாரணக் காற்றில் தீயை விலக்கியதும் துணி தானாகவே அணைந்துவிடுகிறது. ஆயினும் இந்த எண்களைக் கொண்டு, 300 டிகிரி வெப்பத்தில் உடை என்றென்றும் நிலைக்கும் என்று கருதுவது தவறு. பாரா-அராமிட் 160 டிகிரியில் 500 மணி நேரம் இருந்தால் வலிமையில் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. 260 டிகிரியில் 70 மணி நேரத்திலேயே பாதியை இழக்கிறது. இழப்பு வெளியே தெரிவதில்லை. துணி கிழியாமல், பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

இழை சிதையாதிருப்பது வேறு, அதனுள் இருக்கும் தோல் வேகாதிருப்பது வேறு. இதை ஐ.எஸ்.ஓ. 11612 என்னும் பன்னாட்டுத் தரநிலை தெளிவாக உணர்த்துகிறது. துணியின் வெளிப்புறம் தீச்சுடர் படும்போது உட்புற வெப்பம் 24 டிகிரி உயர எத்தனை நொடி ஆகிறது என்பதே அதன் அளவுகோல்களில் ஒன்று. நான்கு நொடி தாங்கினால் முதல் நிலை. பத்து நொடிக்கு இரண்டாம் நிலை. இருபது நொடியும் அதற்கு மேலும் தாங்கினால் மூன்றாம் நிலை. அதாவது உலகத் தரச் சான்று பெற்ற உடைகூட அணிந்தவருக்குத் தருவது சில நொடிகளையே. அந்த நொடிகளில் அவர் வெளியேற வழி இருக்க வேண்டும். வெளியேறும் பாதையில் பொருள்களை அடுக்கி மறித்துவிட்டு, விலை உயர்ந்த உடையை மட்டும் கொடுக்கும் ஆலை, உடை ஈட்டித் தரும் நொடிகளைத் தானே வீணடிக்கிறது.

காப்பு வலிமை

பாரா-அராமிடின் இழுவலிமை, அதாவது இழுத்து அறுக்க ஓரலகு பரப்புக்குத் தேவைப்படும் விசை, ஏறத்தாழ 3 கிகாபாஸ்கல்; அடர்த்தியோ எஃகின் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. விறைப்பு மிகுந்தும் எடை குறைந்தும் இருப்பதால், ஓரிடத்தில் விழும் அடி இழையின் நீளத்தில் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பரவுகிறது. ஒரு புள்ளியில் குவிய வேண்டிய ஆற்றலைப் பரந்த பரப்பு பகிர்ந்துகொள்கிறது. குண்டு துளைக்காத உடைகளிலும் தலைக்கவசங்களிலும் இது பயன்படும் காரணம் இதுவே. தகட்டு விளிம்பு கையை அறுக்காமலிருக்க அணியும் கையுறையிலும் இதே வலிமை உதவுகிறது. எனினும் இழுவிசைக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு அழுத்து விசைக்கு இவ்விழை ஈடுகொடுப்பதில்லை. மெட்டா-அராமிட் வலிமையில் மிகவும் குறைந்தது. ஆனால் மென்மையானது, நாள் முழுதும் அணியத்தக்கது. ஆகவே வெப்பக் காப்பு உடைகளில் மெட்டாவை முதன்மையாக வைத்து, தீப்பட்ட துணி சுருங்கி வெடிக்காதிருக்கச் சிறிதளவு பாராவைக் கலப்பது நடைமுறை.

ஆய்வகத்து வலிமையை மட்டும் நம்புவதன் ஆபத்தை அராமிடுக்கு நெருங்கிய மற்றோர் இழையின் வரலாறு காட்டுகிறது. பி.பி.ஓ. என்னும் இழை அராமிடைவிட வலியதாக இருந்தும், வெப்பமும் ஈரமும் சேர்ந்தபோது விரைவில் நலிந்ததால், அதனாலான குண்டு துளைக்காத உடைகள் அமெரிக்காவில் 2005இல் தகுதி இழந்தன.

கடலோரச் சூழலில் உடையின் ஆயுள்

அராமிட் அவ்வளவு விரைவில் நலிவதில்லை என்றாலும் அதற்கும் பகைவர் உண்டு. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் அதன் பிணைப்புகளை அறுக்கிறது. வெல்டிங் சுடரும் அக்கதிரை உமிழ்கிறது. வெளுப்புக்காகச் சேர்க்கும் குளோரின் பிளீச்சிங் பவுடர் இழையைத் தின்கிறது. துணியில் ஊறிய எண்ணெயும் கிரீஸும் தாமே எரிபொருளாகி, எரியாத துணியின் மேல் எரிகின்றன. துவைத்த உடையை வெயிலில் காயப்போடுவதும் கறை போகப் பிளீச் சேர்ப்பதும் வீட்டில் நல்ல பழக்கங்கள். அராமிட் உடைக்கு இரண்டுமே கேடு. எனவே தொழிலாளி தம் உடையைத் தாமே வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக்கொள்ளட்டும் என்று விடும் ஆலை, அறியாமலேயே அதன் காப்பைக் குறைக்கிறது.

ஈரப்பதம் மிகுந்த எண்ணூர்க் கடலோரத்தில், அதிலும் அக்கினி நட்சத்திர நாள்களில், வியர்வை ஆவியாகாமல் உடைக்குள் தேங்குகிறது. உடலைக் குளிர்விக்கும் வழி அடைபட்டு வெப்ப அயர்ச்சி வருவது ஒருபுறம். கடும் வெப்பம் திடீரெனத் தாக்கும்போது தேங்கிய ஈரம் நீராவியாகித் தோலை வேகவைப்பது மறுபுறம். வெளித்துணி, நீர்த்தடுப்புப் படலம், உள்காப்பு என மூன்று அடுக்குள்ள தீயணைப்பு வீரர் உடையை ஆலைத் தொழிலாளிக்கு அப்படியே தருவது ஆகாது. எட்டு மணி நேரம் அணிபவருக்கு ஒற்றை அடுக்குத் துணியும், இடையிடையே நிழலும் நீரும் ஓய்வும் வேண்டும். தீயணைப்பு வீரர் உடைக்கும் ஆலைத் தொழிலாளர் உடைக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனித்தனித் தரநிலைகளை வகுத்திருப்பது இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

இழையின் எல்லைகள்

உருகிய அலுமினியம் அராமிடில் ஒட்டிக்கொள்ளக்கூடும். வார்ப்பாலைகளில் அதற்கெனப் பூச்சிட்ட துணியோ வேறு துணியோ தேவை. 2023 டிசம்பர் 26ஆம் நாள் இரவு எண்ணூர்க் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது கரையோரக் குப்பங்களைத் தாக்கியது வாயு. எந்த நெசவுத் துணியும் அதைத் தடுத்திராது. அதே மாதம் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்த எண்ணெயை அள்ள இறங்கிய மீனவர்களுக்கு வேண்டியிருந்தவை எண்ணெய் ஊறாத கையுறையும் காலணியும். ஆபத்தை முதலில் இனங்கண்டு அதற்கேற்ற பொருளைத் தேர்வதே முறை. ஒரு பொருளைத் தேர்ந்துவிட்டு எல்லா ஆபத்துக்கும் அதையே மருந்தாக்குவது முறையன்று.

விலை பற்றிய மறுப்பு

அராமிட் விலை உயர்ந்தது, வேதிப்பூச்சிட்ட பருத்தித் துணியே போதும் என்பது ஆலைத் தரப்பில் எழும் மறுப்பு. மிதமான ஆபத்துள்ள இடங்களில் அது ஏற்கத்தக்கதே. ஆனால் பூச்சின் திறன் துவைக்கும் முறையைச் சார்ந்தது; அராமிடின் தீத்தடுப்பு இழையின் மூலக்கூற்றிலேயே உள்ளதால் துவைப்பால் கரைந்து போவதில்லை. ஆகவே வாங்கும் விலையை அன்றி, காப்புத் தரும் காலத்துக்கான செலவையே ஒப்பிட வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதில் ஐயமில்லை. பாதுகாப்புக்கென அளிக்க வேண்டிய எந்தச் சாதனத்துக்கும் தொழிலாளியிடம் கட்டணம் பெறக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 114ஆவது பிரிவு விதித்தது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பும் அதே நெறியைத் தொடர்கிறது. கொதிகலன் பராமரிப்பு, வெல்டிங், தொட்டி சுத்தம் செய்தல் போன்ற வேலைகள் ஒப்பந்தத் தொழிலாளர் கையில் விடப்படும் இடங்களில்தான் இந்நெறி முதலில் நழுவும் அபாயம் உண்டு. தீச்சுடர் நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்று பார்ப்பதில்லை. உடை வழங்கும் பட்டியலும் பார்க்கக் கூடாது.

முடிவுரை

அராமிட் இழையின் வெப்பத் தாங்குதிறனும் வலிமையும் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஆனால் அவை காப்பாக மாறுவது, ஆபத்துக்கேற்ற வகையைத் தேர்ந்து, உரிய முறையில் துவைத்து, நலிந்ததை உரிய காலத்தில் கழித்துவிடும்போதுதான். எனவே வடசென்னை ஆலைகள் ஒவ்வொரு உடைக்கும் வழங்கிய நாள், துவைத்த எண்ணிக்கை, வெப்பம் பட்ட நிகழ்வு, கழித்த நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்; துவைக்கும் பொறுப்பை ஆலையே ஏற்க வேண்டும்; ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே தர உடையை வழங்க வேண்டும். தொழிற்சாலை ஆய்வாளர்கள் உடை இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அந்தப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.